மம்மல் நேரத்தில் வருகிறவள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உடவத்தகெலே காடு. முன் விறாந்தையில் நின்று எட்டிப் பார்த்தால் மரங்களுக்கு இடையே கண்டி வாவியின் ஒரு துண்டு தெரியும். மாற்றலாகி வந்தபோது அந்த ஒரு துண்டுத் தண்ணீருக்காகத்தான் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பின்னால் இருந்த காட்டைப் பற்றி அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

பொழுது சாய்ந்தால் கீழே உள்ள தலதா மாளிகை விகாரையின் மாலைப் பூசை மேளம் எங்கள் மேட்டில் ஏறி வரும். மூடுபனி இல்லாத நாட்களில் அது கீழேயிருந்து வருவது தெரியும். பனி இறங்கிவிட்டால் திசை குழம்பிவிடும். காட்டுக்குள் யாரோ இருந்து அடிப்பது போலக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் அந்த நேரத்தை மம்மல் என்போம். எதிரே வருபவரின் உருவம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. விளக்கை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் நேரம் அது.

எங்கள் மகள் அந்த நேரத்தில்தான் மாறுவாள்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. ஏ.டி.எச்.டி., கவனம் ஒன்றில் நிற்காது, அடங்கி இருக்க முடியாது என்று பேராதனைப் பக்கத்தில் ஒரு பிள்ளை வைத்தியர் சொல்லி, காலையில் விழுங்க ஒரு குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். குளிசை நன்றாகவே வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் கதிரையில் இருந்தாள். எழுதத் தொடங்கியதை எழுதி முடித்தாள். ஆனால் பின்னேரம் மருந்தின் வேகம் இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும், அந்த நேரத்தில் அவளை ஒன்றுக்கும் வற்புறுத்த வேண்டாம் என்று வைத்தியர் முதலிலேயே சொல்லியிருந்தார். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு விஞ்ஞானப் பட்டம் உண்டு. பேய், பிசாசு, கண்ணூறு என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மருந்து இறங்குவதை வைத்தியரின் மேசைக்கு முன்னால் இருந்து விளங்கிக்கொள்வது வேறு, வீட்டில் பார்ப்பது வேறு. மேளம் தொடங்கும். படம் கீறிக்கொண்டிருந்த பிள்ளை பென்சிலை வைப்பாள். முகம் வெறுமையாகும். பிறகு குசினிக் குழாய், குளியலறைக் குழாய் எல்லாம் திறபடும். அலுமாரிக்குள் இருந்தவை நிலத்தில் கிடக்கும். சப்பாத்து ஒன்று சுவரில் போய் அடிக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அந்தப் பெயருக்கு உரியவள் அங்கே இல்லாதது போல இருக்கும். எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்டால், "நான் செய்யேல்லை அம்மா" என்பாள். பொய் சொல்லும் பிள்ளையின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கண் அப்படி இருக்காது.

அதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், குளிசை போட்ட பிள்ளையை எனக்குத் தெரியாது. வேலைக்குக் கந்தோர் பஸ்ஸைப் பிடிக்க நான் விடியவே போய்விடுவேன். அவளை எழுப்பி, குளிசை கொடுத்து, பள்ளிக்கூட வானில் ஏற்றிவிடுவது என் கணவர். வங்கி அவருக்குப் பிந்தித்தான் திறக்கும். பள்ளிக்கூடம் விட்டால் பக்கத்து வீட்டில், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளிடம் இருப்பாள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கண்டியில் வாழ்க்கைப்பட்டவள் அவள். நான் வீடு வந்து சேரும்போது மேளம் தொடங்க நேரம் சரியாக இருக்கும்.

"பாப்பா தங்கமான புள்ளைங்க அக்கா. ஒக்காந்து எனக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துச்சு" என்பாள் தங்கச்சி.

வெங்காயம் உரிக்கும் அந்தப் பிள்ளையை நான் கண்டதில்லை. அங்கே அவள் பேச்சும் வேறு. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று "வரேன் சித்தி" என்பாள். இந்தப் பக்கம் குதித்ததும் "அம்மா, வாறன்" என்பாள். ஒரு பகலில் இரண்டு பிள்ளைகள். எனக்குக் கிடைத்தது இரண்டாவது.

அதை வைத்து நான் ஒரு பகிடி உண்டாக்கினேன். மேளம் கேட்கத் தொடங்கியதும் கணவரைப் பார்த்து, "மற்றவள் வந்திட்டாள், கதவைப் பூட்டுங்கோ" என்பேன். அவர் சிரிப்பார். "மருந்து இறங்கினால் மற்றவள் ஏறிடுவாள்" என்பார். களைத்துப்போன இரண்டு பேருக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும்தானே. மகளும் பக்கத்தில்தான் இருப்பாள். குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் பிள்ளைக்கு எங்கள் கதை எங்கே காதில் ஏறப்போகிறது என்று நினைத்தோம்.

முதல் இலையைக் கண்டது தங்கச்சி. வீட்டின் பின்படியில் இறங்கினால் ஒரு கட்டு மதில். அதற்கு அப்பால் பள்ளமும் காடும்தான். மதிலின் மூலையில் ஒரு துண்டு வாழையிலை விரித்து, அதில் ஒரு பிடி சோறும் மூன்று செவ்வரத்தம் பூவும் வைத்திருந்தது. சோற்றைச் சுற்றி மஞ்சள் தூவியிருந்தது.

"அக்கா, கை வச்சிராதீங்க" என்று நடு மதிலுக்கு மேலால் கத்தினாள். "யாரோ வச்சிருக்காங்க. ஒங்க வீட்டுக்குத்தான் வச்சிருக்காங்க."

எங்கள் ஊரில் இதைக் கழிப்பு என்போம். ஒருவரைப் பிடித்ததை இறக்கி, இலையில் படைத்து, முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். காண்பவர்கள் தாண்டாமல் ஒதுங்கிப் போவார்கள். கண்டியிலும் அப்படி உண்டு. பள்ளிக்கூட வான் திரும்பும் சந்தியில் வாழைத்தண்டால் செய்த தட்டுகளில் சோறும் பூவும் அடிக்கடி கிடக்கும். சாரதி வானை மெதுவாக விலத்தி எடுப்பார். பிள்ளைகளெல்லாம் யன்னலில் ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள்.

நான் விளக்குமாற்றை எடுத்து இலையோடு பள்ளத்துக்குள் தள்ளிவிட்டேன். தங்கச்சி நெஞ்சில் கை வைத்தாள். "குரங்குக்கு நல்ல சாப்பாடு" என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் அந்த விளக்குமாற்றை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே சாத்தி வைத்தேன். 

மூன்று நாள் கழித்து அடுத்த இலை. அதில் சோற்றோடு ஒரு சுருள் தலைமயிர் இருந்தது. மெல்லிய, நுனி செம்பட்டையான மயிர். மகளுக்கு ஒவ்வொரு காலையும் தலை சீவிப் பின்னுகிறவர் என் கணவர். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அதற்கடுத்த இலையில் பல் இருந்தது. முந்தின வாரம் விழுந்த பால்பல். நான் ஒரு சின்னப் போத்தலுக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருந்தது. போத்தல் மூடியபடியே இருந்த இடத்தில் இருந்தது. பல் மட்டும் மதிலில் கிடந்தது.

அன்று அவர் கோபத்தில் இருந்தாரா பயத்தில் இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சேர்ட்டின் மடிப்புக் கூடக் கலையாமல் வாழ்கிற மனிதர். அன்று சேர்ட்டோடு நிலத்தில் இருந்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள வந்து போயிருக்கினம்" என்றார். "ஆரோ பிள்ளைக்குச் செய்திருக்கினம். நீர் உந்தக் குளிசையைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்."

"ஆர் செய்யிறது? எங்களிட்ட என்ன கிடக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வங்கியில ஒருத்தர் சொன்னவர். கம்பளையில கழிப்புச் செய்யிற ஒரு ஆள் இருக்கிறாராம். தேசிக்காய் வெட்டினாப் போதுமாம். இரவு முழுக்கப் பிள்ளையை முன்னுக்கு இருத்தி வைச்சுச் செய்வாராம். ஆனால் அதுவரைக்கும் இங்கிலீஸ் மருந்து குடுக்கக் கூடாதாம்."

நான் வெடித்தேன். ஐந்து நிமிடம் கதிரையில் இருக்க முடியாத பிள்ளையை இரவு முழுக்க ஒருவன் முன்னால் இருத்தி வைப்பதா? அவள் எழும்பி ஓடினால் அவன் என்ன செய்வான்? பிடித்துக் கட்டுவானா, வேப்பங்குழையால் அடிப்பானா? அடித்தால் நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? அவர் போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சண்டையில் நான்தான் வென்றேன். ஆனால் அந்தக் கிழமையே தங்கச்சி பகலில் எனக்கு ரெலிபோன் கோல் எடுத்தாள்.

"அக்கா, சொல்லக் கூடாதுதான். பாப்பா இப்ப மத்தியானமும் ஒரு மாதிரியா இருக்குங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது. நேத்து எங்க கெணத்துக் கட்டு மேல ஏறி நிக்குது. எனக்குப் பயமா இருக்குங்க."

வகுப்பு ரீச்சரும் அதையே சொன்னார். காலையிலிருந்தே வகுப்பில் நிற்கிறாளாம், ஓடுகிறாளாம், பிள்ளையே மாறிப்போச்சாம். குளிசை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கணவரைக் கேட்டேன். என் கையால் கொடுக்கிறேன், தண்ணீரோடு விழுங்குகிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன் என்றார். அவர் பொய் சொல்கிறவரில்லை. அப்படியென்றால் மருந்து போகிறது, மற்றவளும் வருகிறாள். மம்மலுக்கு மட்டும் வந்தவள் பகலிலும் வரத் தொடங்கிவிட்டாள்.

இப்படி நான் நினைத்தேன் என்பதை இங்கே எழுதவே வேண்டும். மற்றவள் என்று என் மனம் தானாகச் சொன்னது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மழை. மேளச் சத்தம் மழைக்குள் விட்டு விட்டு வந்தது. நான் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். குழாய்கள் திறக்கும் சத்தம் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தால்தான் எனக்குப் பயம். கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல வந்து பார்த்தேன். பின் அறை யன்னலுக்கு முன்னால் கதிரையில் ஏறி நின்றாள். இரும்புக் கம்பிகளுக்கு இடையில் முகத்தை அழுத்தி வெளியே யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, அன்பாக. நான் அவளோடு அப்படிக் கதைத்துக் கன நாள்.

"இப்ப வராதை, என்ன" என்றாள். "அம்மா வந்திட்டா. அதைச் சாப்பிட்டிட்டுப் போ."

வெளியே ஒருவரும் இல்லை. மதில் இருந்தது. மதிலுக்கு அப்பால் மழையும் மரங்களும் இருந்தன. மூலையில் கிடந்த இலை மட்டும், காற்று இல்லாமலே, ஒருமுறை அசைந்தது. ஏதோ இருட்டாக மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனது. குரங்காக இருக்கலாம். முள்ளம்பன்றியாக இருக்கலாம். இன்றைக்குப் பகல் வெளிச்சத்தில் இருந்து எழுதும்போது அப்படித்தான் சொல்வேன். அன்றைக்கு என் பட்டம், படிப்பு ஒன்றும் என்னோடு நிற்கவில்லை.

கணவர் வந்ததும் சொன்னேன், "அந்தக் கம்பளை ஆளிட்டக் கேளுங்கோ." அவர் என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். வென்றவரின் முகம் அதில் இல்லை. அப்போதே அந்த ஆளுக்குக் கோல் எடுத்துக் கேட்டார். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னாராம். வெள்ளியிலிருந்து மருந்தை நிறுத்தச் சொன்னாராம். வெள்ளி காலையும் கொடுத்துவிடுவோம், பள்ளிக்கூடம் இருக்கிறது என்று நான் கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கந்தோரில் எனக்கு இருக்க முடியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். வெயில் அடித்தது. மகள் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. வீடு, காடு, மதில் எல்லாம் வெளிச்சத்தில் பச்சைத் தண்ணீர் போலச் சாதாரணமாக இருந்தன. துணிந்து பின்படியால் இறங்கினேன். முந்தின நாள் இலை மூலையில் கிடந்தது. சோற்றைக் காணவில்லை. பூ வாடியிருந்தது. இலையின் மடிப்புக்குள், எறும்புகள் மொய்க்க, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

இன்னொரு பல் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன்.

குளிசை.

ஒரு பக்கம் கரைந்து, மறு பக்கம் நடுவில் கோடு தெரிந்தது. மாதாமாதம் பாமசி வரிசையில் நின்று நான் வாங்கும் குளிசை. அதை எனக்குத் தெரியாமல் போகுமா? மதிலோரம் பாசிக்குள் தடவிப் பார்த்தேன். முந்தின இலைகளின் காய்ந்த துண்டுகளுக்குள் இன்னும் இரண்டு, மழையில் ஊறிச் சுண்ணாம்பு போல இருந்தன.

சூனியம் செய்கிறவன் தேசிக்காய் வைப்பான், ஆணி வைப்பான், கோழித்தலை வைப்பான். பிள்ளை வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசையைக் கொண்டுவந்து வைக்கமாட்டான். இதை வைத்த கையை எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் அந்தக் கையில்தான் அதைக் கொடுக்கிறோம். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கன்னத்துக்குள் ஒதுக்கி, அப்பா முகம் திருப்பியதும் சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறாள்.  படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

அவள் வந்ததும் நான் கத்தவில்லை. கத்தாமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருத்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"இது என்ன பிள்ளை?"

காலால் படியைத் தட்டத் தொடங்கினாள். ஒரு பூச்சியைப் பார்த்தாள். தலைமுடி நுனியைக் கடித்தாள். பொறுத்திருந்தேன்.

"அவளுக்கு" என்றாள்.

"ஆருக்கு?"

"மற்றவளுக்கு." எனக்கு இது கூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "அவளுக்குத்தானே மருந்து வேணும். எனக்கேன்? நான் பகலில நல்ல பிள்ளை. சித்தியும் சொன்னவ. அவள்தான் கூடாதவள். அவள் மருந்து போட்டால் உள்ள வரமாட்டாள். வந்தாலும் குழாய் திறக்கமாட்டாள்."

"அப்ப சோறு?"

"அவளுக்குப் பசிக்கும். வெளியிலதானே நிக்கிறாள். நீங்கள் கதவைப் பூட்டச் சொல்லுறனீங்கள்."

"தலைமயிர்? பல்லு?"

"சந்தியில வைக்கிற மாதிரி. வானில அக்காமார் சொன்னவை, எங்கட சாமான் வைச்சால்தான் அது எங்களை விட்டிட்டுப் போகுமாம்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனால் அவள் போகேல்லை அம்மா. நான் மருந்தெல்லாம் குடுத்தும் பகலிலயும் வாறாள். எனக்குப் பயமாக் கிடக்கு."

வீடு முழுக்க நாங்கள் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் எல்லோரையும் விடப் பயந்துபோய் இருந்தது அவள்தான். அவளிடம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தன்னைவிட்டுத் தன்னைப் போகச் சொல்லி, தன் சோற்றிலும் பல்லிலும் பங்கு எடுத்துத் தனியாகக் கழிப்புக் கழித்திருக்கிறாள். பேயை நம்பாத தாய் பகிடிக்குச் சொன்ன பேய் அது. எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதேன்.

"நாளைக்கு அந்த மாமா அவளை வெட்டேக்குள்ள" என்று கேட்டாள், "எனக்கும் நோகுமா?"

நாங்கள் கதைத்ததெல்லாம் அவள் காதில் ஏறித்தான் இருந்தது.

கணவர் வந்தபோது குளிசைகளை ஒரு சோசரில் வைத்து மேசையில் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பளை ஆளுக்குக் கோல் எடுத்து, நாளைக்கு வரவில்லை, இனியும் வரமாட்டோம் என்றார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கன நேரம் கேட்டது.

மேளம் தொடங்கியது. அன்று பனி இறங்கியிருந்தது. சத்தம் காட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. மகளின் முகம் வெறுமையாகிக்கொண்டு போவதைப் பார்த்தேன். இத்தனை காலமும் அதைக் கண்டதும் நான் குசினிக்குள் போய்விடுவேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று பார்க்கிறேன். கண் இமைகள் துடித்தன. விரல்கள் ஒன்றையொன்று பிடிக்கத் தேடின. கோபம் அந்த முகத்தில் இல்லை. நிறையப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்குத் திரும்புவது என்று தெரியாமல் நிற்பவளின் முகம் அது.

போய்ப் பின்கதவைத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது. மதில் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. என்றாலும் இருட்டைப் பார்த்து, சத்தமாகவே சொன்னேன்.

"உள்ள வா பிள்ளை. புட்டு அவிச்சிருக்கு."

மகள் அசையாமல் நின்றாள்.

"ஆரைக் கூப்பிடுறீங்கள்? அவளையோ?"

"ஓம். அவளும் என்ர பிள்ளைதான்."

கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், அலுமாரியை இழுத்தாள். நான் கூப்பிடவில்லை, பிடிக்கவும் இல்லை. புட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஓடிவந்து ஒரு வாய் வாங்குவாள், மறுபடி ஓடுவாள். கடைசி வாய்க்கு வந்தவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, அவள் நான்தானே?"

"ஓம் பிள்ளை. நீதான்."

மென்று விழுங்கிவிட்டு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்டாள்.

"அப்ப ஏன் நான் அவளா இருக்கேக்குள்ள நீங்கள் என்னோட கதைக்கிறேல்லை?"